மருத்துவ மாணவர் உங்கள் புகைப்பழக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூத்த மருத்துவரைச் சந்திப்பதற்கு முன்பு, மாணவர் ஒருவர் உங்களிடம் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். முழங்கால் வலிக்காகவே வந்திருந்தாலும், "ஐயா, பீடி, சிகரெட் புகைக்கும் பழக்கம் உண்டா? புகையிலை மெல்லுவீர்களா?" என்று அவர் வினவலாம். இது உங்களைக் குறைகூறுவதற்கான விசாரணை அன்று. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், காசநோய், ஆறாத புண் என எந்த நோய்க்கான சிகிச்சையாயினும், புகைப்பழக்கம் அதன் பயனைக் குறைக்கக்கூடியது.

நான் மாணவனாக இருந்தபோது, "நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி" என்று நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றுவிடுவோம். எத்தனை ஆண்டுகள், எத்தனை பீடிகள் என்று கணக்கிடக் கற்றிருந்தோம். விடுவதற்கு எவ்வாறு உதவுவது என்பதைக் கற்கவில்லை. அவ்வாறு நான் எழுதிக் கடந்துபோன மனிதர்களை இப்போது நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

இன்று மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம் பயிலும் மாணவர்களுக்கு இதற்கென ஒரு முறை கற்பிக்கப்படுகிறது. பழக்கம் உண்டா எனக் கேட்பது, விடுமாறு தெளிவாக அறிவுறுத்துவது, விடுவதற்கு மனம் ஆயத்தமாக உள்ளதா என அறிவது, வழிகாட்டுவது, மறுபடியும் சந்திப்பது ஆகிய ஐந்தும் அதன் படிகள். சொல்வதற்கு எளிது, செய்வது கடினம். ஆகவே ஒரு மாணவர் நோயாளியாக நடிக்க, மற்றொருவர் அவருடன் உரையாடிப் பழகுகிறார். தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் அறிவுரையை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சிகரெட் பெட்டியின் இருபுறமும் 85 விழுக்காடு பரப்பை எச்சரிக்கையே நிரப்பியிருக்கிறது. அதையே இன்னொரு முறை வாசித்துக் காட்டுவதால் பயன் சிறிது. "இதற்கு முன் விட முயன்றீர்களா? மீண்டும் தொடங்கியது எப்போது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அமைதியாக இருப்பதைத்தான் அவர்கள் பழக வேண்டியிருக்கிறது.

அவர் கேட்கும் மற்றொரு கேள்வி விந்தையாகத் தோன்றலாம்: "காலையில் எழுந்த எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?" அரைமணி நேரத்திற்குள் என்றால், உடல் நிகோட்டினை வலுவாகச் சார்ந்துள்ளது என்று பொருள். அத்தகையோருக்கு மன உறுதி மட்டும் போதாமல் போகலாம். மருந்தின் துணை தேவைப்படலாம். மருந்தை மாணவர் எழுதித் தர மாட்டார். பொறுப்பு மருத்துவரே தீர்மானிப்பார். வலிப்பு நோய் இருந்தால் முன்னதாகவே தெரிவியுங்கள். இதற்கான மருந்துகளுள் ஒன்று அவர்களுக்கு ஏற்றதன்று.

நிகோட்டின் சூயிங்கம் தரப்பட்டால், அதை மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரமான அல்லது சுருக்கென்ற உணர்வு தோன்றியதும் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வையுங்கள். அவ்வுணர்வு குறைந்தபின் மீண்டும் மெல்லுங்கள். அதற்கு முந்தைய 15 நிமிடங்களிலும் மெல்லும்போதும் காபி, குளிர்பானம், பழச்சாறு அருந்தினால் நிகோட்டின் சரிவர உடலில் சேராது. "அந்த மருந்து எனக்குப் பயன்படவில்லை" என்போரில் சிலர், மென்ற முறையே தவறாக இருந்திருக்கிறது.

உடன் வருவோருக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கேட்கும்போது, "அதெல்லாம் அவர் விட்டுவிட்டார்" என்று மானத்திற்கு அஞ்சி நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளவும் வேண்டாம். விட்ட முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் ஆகியவை மிகுந்திருக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். புகைக்க வேண்டுமென்ற வேட்கை எழும்போது, அது பொதுவாகச் சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்நேரத்தில் பேச்சுத் துணையாக இருங்கள். தேநீருடன் பீடி என்று பழகியவருக்கு, சில வாரங்கள் தேநீரை வீட்டிலேயே கொடுங்கள்.

விட்டபின் ஒருமுறை புகைத்துவிட்டால் அதை மறைக்காமல் அடுத்த வருகையில் சொல்லுங்கள். மாணவர்கள் பிரிவு மாறிக்கொண்டே இருப்பார்கள். முன்பு பேசியவரே மீண்டும் இருப்பார் எனக் கூற இயலாது. எனவே, விடுவதற்குக் குறித்த நாளையும் மறுவருகை நாளையும் புறநோயாளிச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டுப் பெறுங்கள். இடைப்பட்ட நாட்களில் தேசியப் புகையிலை நிறுத்தல் உதவி எண்ணாகிய 1800-11-2356ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.