குத்தினது ஒரு முள், கிழிஞ்சது ஒரு முழம்!
(கூடாரத் துணிகளின் பலம் – ஓர் ஒப்பீடு)



போன ஆடி மாதம் நம் சாரணர் குழு தேரி ஓரத்தில் ஒரு ராத்திரி முகாம் போட்டது எல்லாருக்கும் தெரியும். அங்கே நடந்த கூத்து சிலருக்குத்தான் தெரியும். கூடாரம் அடிக்கும்போது ஓர் உடைமுள் துணியில் குத்திவிட்டது. மிளகு அளவுதான் ஓட்டை. "இதுல என்னல இருக்கு, விடு" என்று சொன்னது நான்தான். நடுராத்திரியில் ஆடிக்காற்று எழுந்தது. 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஓட்டை ஒரு முழத்துக்குக் கிழிந்து, தேரி மணல் முழுக்க உள்ளே! எட்டாம் வகுப்புத் தம்பிகள் இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது புதுக் கூடாரம் வாங்கப் பேச்சு நடக்கிறது. "கெட்டித் துணியா வாங்குங்க" என்பது ஒரு கட்சி. "தூக்கிட்டு நடக்கணும்லா, லேசா வாங்குங்க" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒன்றை மறந்துவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அறுவது வேறு, கிழிவது வேறு

பஜாரில் தையல்கடை அண்ணாச்சி துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கையாலும் இழுத்தால் நேராகக் கிழிந்துகொண்டே போகும். அந்த வெட்டு இல்லாமல் இழுக்கச் சொல்லுங்கள். பயில்வான் வந்தாலும் முடியாது.

ஏன்? வெட்டு இல்லாதபோது நூற்றுக்கணக்கான நூல்கள் சேர்ந்து இழுவையைத் தாங்குகின்றன. இது இழுவிசைப் பலம். வெட்டு விழுந்ததும் மொத்த விசையும் வெட்டின் முனையில் இருக்கும் ஒன்றிரண்டு நூல்கள் மேல் விழுகிறது. அவை அறுந்தால் அடுத்த நூல், அதுவும் அறுந்தால் அதற்கடுத்தது. இதைத் தாங்குவது கிழிவுப் பலம். கூடாரத்தில் முள் குத்தும், கல் உரசும், முளைக்கயிறு இழுக்கும். அதனால் அங்கே முதலில் பார்க்க வேண்டியது கிழிவுப் பலத்தைத்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கக்கூடாது.

எடைக் கணக்கு

இரண்டு பேர் படுக்கும் கூடாரத்துக்குச் சுமார் 10 சதுர மீட்டர் துணி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. பருத்திக் கித்தான்: ஒரு சதுர மீட்டர் 300 கிராமுக்கு மேல் இருக்கும். துணி மட்டும் 3 கிலோ! நனைந்தால் தண்ணீரைக் குடித்து இன்னும் கனக்கும். நனைந்த பருத்தி நூலுக்குப் பலம் கூடும் என்பது ஆச்சரியமான உண்மை. ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும்.

2. தார்ப்பாய்: பாலித்தீன் நாடாக்களைப் பாய் முடைவதுபோல நெய்து, மேலே பாலித்தீனை உருக்கி ஒட்டியது. சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை. விலை மலிவு. ஆனால் சுருட்டினால் பை நிறைந்துவிடும்.

3. நைலான், பாலியெஸ்டர்: லேசான கூடாரத் துணி சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிராம்தான். மொத்தமே அரை கிலோ அளவு!

இந்த நூல்களின் கனத்தை 'டெனியர்' என்று சொல்வார்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 20 டெனியர் நூலை 9 கிலோமீட்டருக்கு நீட்டினாலும் எடை 20 கிராம்தான். நம்ம ஊர்க் கருப்பட்டியில் ஒரு சின்னத் துண்டு!

உங்களுக்குத் தெரியுமா?

★ நைலானை 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு கண்டுபிடித்தது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டுகளுக்குப் பட்டின் இடத்தை நைலான் பிடித்தது.
★ பாலியெஸ்டர் இழை 1941-இல் இங்கிலாந்தில் பிறந்தது. கண்டவர்கள் வின்ஃபீல்டு, டிக்சன்.
★ இன்று மிக லேசான கூடாரங்களுக்கு டைனீமா இழைகளை மெல்லிய தாள்களுக்கு நடுவே ஒட்டிய துணி இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் இந்த இழை எஃகைவிடப் பல மடங்கு பலம். இந்த வகைத் துணி முதலில் வந்தது கூடாரத்துக்கு அல்ல, பந்தயப் பாய்மரப் படகுகளின் பாய்க்கு! நம் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் உரசலை அவ்வளவாகத் தாங்காது, விலையும் எட்டாது.

கட்டம் போட்ட காவல்

சில மெல்லிய துணிகளில் சின்னச் சின்னக் கட்டம் தெரியும். சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து நெய்திருப்பார்கள். இதற்கு 'ரிப்ஸ்டாப்' என்று பெயர். கிழிசல் ஓடிவந்து அந்தத் தடித்த நூலில் முட்டி நிற்கும். வயலில் வரப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பூச்சில் இருக்கிறது சூட்சுமம்

மழை இறங்காமல் இருக்கத் துணிக்குப் பூச்சு பூசுவார்கள். பாலியூரித்தேன் பூச்சு நூல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும். கிழியும்போது நூல்கள் நகர முடியாமல் ஒவ்வொன்றாக மாட்டி அறும். சிலிக்கோன் பூச்சு வழுக்கும். நூல்கள் நகர்ந்து, கிழிசல் முனையில் கூட்டமாகச் சேர்ந்து தாங்கும். அதனால் ஒரே துணியானாலும் சிலிக்கோன் பூசியது கிழிவதற்கு அதிகம் மல்லுக்கட்டும். தனியாக நின்றால் அடி, கூட்டமாக நின்றால் பலம்!

செய்து பாருங்கள்

பழைய வேட்டியில் ஒரே திசையில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். ஒன்றைக் கெட்டிக் கஞ்சியில் முக்கிக் காயவையுங்கள். இரண்டிலும் நடுவே பாதி நீளத்துக்கு வெட்டினால் இரண்டு கால் கிடைக்கும். ஒரு காலை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு காலில் வாளியைத் தொங்கவிட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றுங்கள். 1 லிட்டர் என்றால் 1 கிலோ. வாளியின் எடையையும் சேர்க்க மறக்காதீர்கள். நாங்கள் செய்தபோது கஞ்சி போட்ட துண்டுதான் முதலில் கிழிந்தது. தொட்டால் விறைப்பாக, கெட்டியாக இருந்தது அதுதான்! விறைப்பு வேறு, பலம் வேறு என்று அன்றைக்குப் புரிந்தது.

நம்ம ஊர் வெயில்

இன்னொரு எதிரி வெயில். புற ஊதாக்கதிர் இழையின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். புதிதாக இருக்கும்போது, ஒரே எடையில் நைலான் பாலியெஸ்டரைவிடக் கிழிவை நன்றாகத் தாங்கும். ஆனால் வெயிலில் நைலான்தான் சீக்கிரம் நலியும். நனைந்தால் நீண்டு தொய்யவும் செய்யும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. மலைக்காட்டு நிழலுக்கு நைலான் சரி. மரநிழல் குறைந்த தேரிக்கும் மணப்பாடு கடற்கரைக்கும்?

என் முடிவு இதுதான். சிலிக்கோன் பூசிய, ரிப்ஸ்டாப் கட்டமுள்ள பாலியெஸ்டர் நமக்கு ஏற்றது. தம்பிகள் தோளில் தூக்கி நடக்கலாம், வெயிலையும் தாங்கும். கீழே விரிக்க மட்டும் பழைய தார்ப்பாய் போதும்; முள்ளை அது வாங்கிக்கொள்ளும். பகலில் கூடாரத்தைப் பிரித்து வைத்தால் ஆயுள் கூடும்.

எந்தத் துணி வாங்கினாலும் அடிக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பாருங்கள். மிளகு அளவு இருந்தாலும் உடனே ஒட்டுங்கள். சிலிக்கோன் துணியில் சாதாரண ஒட்டுநாடா ஒட்டாது, சிலிக்கோன் பசைதான் வேண்டும். "இதுல என்னல இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னவன் அந்த ராத்திரி தூங்கவில்லை!



– சாரணர் குழு மாணவன், 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு