இடமும் பாடமும்

அரசினர் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் மாற்றுத்திறனாளிகட்கு நூற்றுக்கு 5 இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்குதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. இடம் கிடைத்தால் மட்டும் கல்வி கிடைத்துவிடுமா?

ஆசிரியர் கரும்பலகையைச் சுட்டி, ‘இதனை அதனோடு கூட்டுக’ என்றால், பார்வையற்ற மாணவர்க்கு என்ன விளங்கும்? பலகையை நோக்கியவாறே பேசினால், உதட்டசைவு கொண்டு உரையறியும் மாணவர் யாது செய்வார்? எழுதுவதை வாய்விட்டுப் படித்தலும் மாணவரை நோக்கிப் பேசுதலும் செலவற்றவை. ஆயினும் பயிற்சியின்றி வாரா. தேர்வில் சொல்வதை எழுதுபவரை அமர்த்தும் விதிகளை அலுவலரும் அறிதல் வேண்டும்.

ஆசிரியர்க்குரிய படிப்புகளில் இப்பொருளும் ஒரு கூறாக அமைதல் வேண்டுமென அச்சட்டத்தின் 47ஆம் பிரிவு பணிக்கிறது. எம்மாநிலத்தில் வாழினும், பிள்ளைகளைக் கல்லூரியிற் சேர்க்கும் நாம், ‘இடமுண்டா?’ என்பதோடு, ‘ஆசிரியர் பயிற்சி பெற்றுளரா?’ என்றும் வினவுவோமாக.