வலையில் சிக்கும் ‘பெலாங்காஸ்’: மண்டாய்ச் சேற்றில் ஒரு தொண்டூழியம்

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் இருக்கும். அந்த இன்சுலின், பலதுறை மருந்தகத்தில் போடப்படும் தடுப்பூசி, மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றப்படும் உப்புநீர் போன்றவை ஒரு சோதனையைத் தாண்டித்தான் நம்மிடம் வருகின்றன. கிருமி செத்த பிறகும் அதன் உடற்சுவரிலிருந்து வெளியேறும் ஒரு வகை நஞ்சு மருந்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அரை நூற்றாண்டாக அதற்கு ரத்தம் கொடுத்து வருவது குதிரைலாட நண்டு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனம் நம் கிராஞ்சிக்கும் மண்டாய்க்கும் பக்கத்தில், ஜோகூர் நீரிணைக் கரைச்சேற்றில் வாழ்கிறது.

நண்டு என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டதே தவிர, இது நண்டு இல்லை. சிலந்தி, தேள் ஆகியவற்றுக்குத்தான் நெருங்கிய உறவு. இதன் முன்னோர் விட்டுச்சென்ற புதைபடிவங்களில் மிகப் பழையது சுமார் 44 கோடியே 50 லட்சம் ஆண்டு வயதுடையது. டைனோசர்கள் வந்து போனதெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்பு. இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே இனங்கள். அவற்றில் இரண்டு சிங்கப்பூரில் உண்டு. சதுப்புநிலச் சேற்றில் இருப்பது சிறியது, அதன் வால் உருண்டையாக இருக்கும். மணற்கரையை நாடும் பெரிய இனத்தின் வால் முக்கோண வடிவம்.

மலாய் மொழியில் இதன் பெயர் பெலாங்காஸ். எப்போதும் சேர்ந்தே திரியும் இருவரைப் ‘பெலாங்காஸ் மாதிரி’ என்பார்கள். ஆண், பெண்ணின் முதுகுப்புறத்தைக் கொக்கி போன்ற கால்களால் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் விடாமல் கூடவே போகும் என்பதால் வந்த வழக்கு. சங்க இலக்கியத்தில் அன்றில் பறவைக்கு உள்ள இடத்தை மலாய் வழக்கு இந்த ஓட்டுப் பிராணிக்குக் கொடுத்திருக்கிறது. அழகில் அன்றில் வெல்லலாம், பிடிவாதத்தில் பெலாங்காசை வெல்ல முடியாது.

அந்த இணை முட்டையிடக் கரைக்குத்தான் வந்தாக வேண்டும். நீர் ஏறி வரும் நேரத்தில் கரையோரம் ஊர்ந்து வந்து, பெண் மணலிலோ சேற்றிலோ குழி பறித்து முட்டையிடும். முதுகைப் பற்றியிருக்கும் ஆண் அங்கேயே அவற்றைக் கருவுறச் செய்யும். குஞ்சு பொரிக்கச் சில வாரங்களும், அது வளர்ந்து பருவமடையப் பல ஆண்டுகளும் ஆகும். வளர்ந்த ஒன்றை இழந்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று வளர அத்தனை காலம் காத்திருக்க வேண்டும்.

கரைக்கு வரும் வழியில்தான் வலை இருக்கிறது. யாரோ கட்டிவிட்டு எடுக்காமல் போன நரம்பு வலை, மீன் பிடிப்பதை நிறுத்துவதில்லை. முள் கால்களும் கூரான ஓட்டு விளிம்பும் கொண்ட இந்தப் பிராணி அதில் மாட்டினால் தானாக விடுபடுவது கடினம். பெண் சிக்கினால் அதன் மேல் இருக்கும் ஆணும் சேர்ந்து சிக்கும். நீர் வற்றியதும் வெயிலில் காயும்.

சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் பல ஆண்டுகளாகச் செய்வது இதைத்தான். நீர் இறங்கும் நேரம் பார்த்து மண்டாய்ச் சேற்றில் இறங்குகிறார்கள். வலையின் நூலைக் காலுக்குக் கால் பிரித்து, வேண்டிய இடத்தில் வெட்டி, ஒவ்வொன்றாக விடுவிக்கிறார்கள். விடுவதற்கு முன் ஓட்டின் அகலத்தை அளந்து, ஆணா பெண்ணா, இணையாக இருந்ததா என்று குறித்துக்கொள்கிறார்கள். முதலில் மீட்பு, அதோடு கணக்கெடுப்பு. இந்தக் கரையில் இந்த இனத்தின் எண்ணிக்கை அமைப்பும் இனப்பெருக்கமும் பற்றி 2009ல் ஓர் அனைத்துலக ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. எத்தனை உள்ளன, எந்த அளவில் உள்ளன என்று சொல்ல முடியாத ஓர் உயிரினத்துக்காக யாரும் அரசாங்கத்திடம் இடம் கேட்க முடியாது.

கரையில் முட்டையிடும் உயிர்களை இப்படிப் பொதுமக்களே காவல் காக்கும் வழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு. கலிஃபோர்னியாவில் குரூனியன் என்ற சிறுமீன், பௌர்ணமி, அமாவாசையை அடுத்த இரவுகளில் அலையோடு மணலுக்கு ஏறி வந்து முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பும். அங்கே கடற்கரையைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களே முட்டைகளுக்கு எமனாயின. 2002 முதல் தொண்டூழியர்கள் இரவில் நின்று மீன் ஏறும் இடங்களைக் குறித்துக் கொடுத்ததால், முட்டைக் காலத்தில் இயந்திரம் எந்தக் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது என்ற நடைமுறை வந்தது.

இனி ரத்தக் கதை. குதிரைலாட நண்டின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் அது நீல நிறம். கிருமி நஞ்சு துளி பட்டாலும் உடனே உறைந்துவிடும். 1956ல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெடரிக் பேங் இதைக் கவனித்து எழுதினார். அதுவரை முயல்களுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துவந்த மருந்துத்துறை, 1970களில் இந்த ரத்தத்துக்கு மாறியது. பிடித்து, ரத்தம் எடுத்து, திரும்பக் கடலில் விடுவார்கள். அதில் ஒரு பகுதி பிழைப்பதில்லை.

மாற்று வழி பிறந்தது சிங்கப்பூரில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் தம்பதியர், 1980களில் தொடங்கிய ஆய்வில், நஞ்சைக் கண்டுபிடிக்கும் அந்த ஒரு புரதத்தின் மரபணுவை நம் சதுப்புநில இனத்திலிருந்தே பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பூச்சி உயிரணுக்களில் உற்பத்தி செய்து காட்டினார்கள். ரத்தம் வேண்டாத சோதனை 2003ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் மருந்து விதிநூல்கள் அசைய நாளாயின. ஐரோப்பிய விதிநூலில் அது நடைமுறைக்கு வந்தது 2021ல், அமெரிக்க விதிநூலில் 2025ல்.

ரத்தத்துக்கு மாற்று வந்துவிட்டதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். இங்கே இதற்கு ஆபத்து ஊசியால் வரவில்லை, கரை குறைவதால் வருகிறது. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. நாம் வசிக்கும் வீவக பேட்டைகளில் சில ஒரு காலத்தில் கடலாக இருந்தவை. கடலைத் தூர்த்த இடங்களில் பழைய மணற்கரையும் சேற்றுக்கரையும் மறைந்தன. முட்டையிட இடமில்லாத பிராணிக்கு ஆய்வகப் புரதம் உதவாது. அந்த வகையில், மண்டாயின் சதுப்புநிலத்தையும் சேற்றுத்திட்டையும் சேர்த்து 72.8 ஹெக்டரை இயற்கைப் பூங்காவாக ஒதுக்குவதாக 2018ல் வந்த அறிவிப்பு பெரிய செய்தி. வலைகள் மட்டும் அறிவிப்பைப் படிப்பதில்லை.

ஆர்வம் பிறந்தால் தனியாகச் சேற்றில் இறங்க வேண்டாம். சங்கத்தின் நடவடிக்கைகளில் பதிந்துகொண்டு குழுவோடு செல்வதே முறை. ஆண்டுதோறும் ஜூன் 20 அனைத்துலகக் குதிரைலாட நண்டு தினம். சாங்கியிலோ பாசிர் ரிஸ்ஸிலோ கரையோரம் ஒன்று மல்லாந்து கிடப்பதைக் கண்டால், ஓட்டின் இரு பக்கமும் பிடித்துத் திருப்பிவிடலாம், அது கொட்டாது. வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அந்த வாலை ஊன்றித்தான் அது தானாகத் திரும்பும். வால் ஒடிந்தால் அடுத்த முறை திரும்ப முடியாது. யாராவது அதன் முட்டை ருசி என்று சொன்னால் கேட்க வேண்டாம். சதுப்புநில இனத்தில் பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு இருக்கலாம், சாப்பிட்டு இறந்தவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு.