சேவாக்கா, தோனியா? 2008 ஏலத்துக்கு முன் சென்னை அணியில் எழுந்த கேள்வி

வீரர்களைக் கண்டறிபவர் ஒருவரைச் சொல்வதும், பணம் செலவிடும் நிர்வாகம் வேறொருவரை நினைப்பதும் அமெரிக்க பேஸ்பாலில் அடிக்கடி நிகழ்வது. ஐபிஎல் தொடரிலும் முதல் ஏலத்துக்கு முன்பே அத்தகைய கருத்து வேறுபாடு எழுந்தது.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு வீரர்களைத் தேர்வு செய்யும் பொறுப்பு இந்திய அணியின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் வி.பி.சந்திரசேகரிடம் இருந்தது. அவர் தோனியை வாங்க விரும்பினார். அணியின் உரிமை பெற்ற இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த என்.சீனிவாசனோ, சேவாக்கை ஏன் எடுக்கக் கூடாது என வினவினார். தலைமைப் பண்பு, விக்கெட் கீப்பிங், ஆட்டத்தின் போக்கை மாற்றும் பேட்டிங் ஆகிய மூன்றும் தோனியிடம் இருப்பதாகச் சந்திரசேகர் வாதிட்டார். மறுநாள் காலை சீனிவாசன் இசைந்ததாக, அந்த அணியில் ஆடிய எஸ்.பத்ரிநாத் பின்னாளில் தெரிவித்தார்.

ஏலக் கணக்கும் சென்னைக்குச் சாதகமாக இருந்தது. ஓர் அணியின் செலவு வரம்பு 50 லட்சம் டாலர். மும்பைக்கு சச்சின், டெல்லிக்கு சேவாக் என 5 அணிகளுக்கு 'ஐகான்' வீரர்கள் இருந்தனர். அணியின் மற்ற வீரர்களில் அதிக விலை பெறுபவரைவிட அவர்களுக்கு 15 சதவீதம் கூடுதலாக வழங்க வேண்டும். தோனியை 15 லட்சம் டாலருக்கு மும்பை வாங்கியிருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் தர நேர்ந்திருக்கும். இருவருக்கு மட்டுமே 32.25 லட்சம் கரைந்திருக்கும். ஐகான் வீரர் இல்லாத சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. பிப்ரவரி 20 அன்று அதே 15 லட்சம் டாலருக்கு, அந்த ஏலத்தின் உச்ச விலையில், தோனி சென்னை வசமானார்.

சீனிவாசனின் எண்ணமும் பிழையென்று சொல்வதற்கில்லை. அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் சேவாக் 319 ரன் குவித்தார்.