துவர்ப்பு என்னும் ஸ்பரிசம்

சிவப்புத் திராட்சை மதுவை ருசி பார்க்கப் பழகியவர், கிண்ணத்தின் அடிப்பகுதியில் மட்டும் வார்த்த ரசத்தை மெல்லச் சுழற்றி, எழுகின்ற வாசனையை நன்றாக முகர்ந்த பின்னரே ஒரு வாய் அருந்தி, அதையும் உடனே விழுங்காமல் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிறிது நேரம் புரள விடுகிறார். சடங்குபோலத் தோன்றும் இச்செயலில் நாவுக்குள்ள பங்கு நாம் நினைப்பதைவிட மிகவும் சொற்பம்.

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கே, தோர்தோஞ் நதிக்கு வடக்கிலுள்ள சாந்த் எமிலியோன் பிரதேசத்தின் மதுவையே எடுத்துக்கொள்வோம். அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஈரக்காற்று வீசுவதாலும், களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும் கலந்த அந்நிலம் குளிர்ச்சி நீங்காதிருப்பதாலும், தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் திராட்சை அங்கே இலையுதிர்கால மழைக்கு முன் பக்குவமடைவது நிச்சயமில்லை. ஆகவே அதற்கு ஒன்றிரண்டு வாரம் முந்திப் பழுக்கும் மெர்லோவே பிரதானமாகி, கபெர்னே பிரான் அதற்குத் துணையாகக் கலக்கப்படுகிறது. கபெர்னே பிரானே மெர்லோவின் தந்தை என்பதை மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. தாய்க்கொடியோ, உலகம் மறந்துபோன ஒரு பழைய வகை. 1996-ல் பிரிட்டனி பகுதியில் அது அகப்பட்டதும், அதன் உறவு 2009-ல் வெளியானதும் தாவர நூலின் இனிய அத்தியாயங்கள். தந்தையும் சேயும் ஒரே கிண்ணத்தில் கலந்திருப்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குளிர் மிகுந்த ஆண்டுகளில் இம்மதுவில் பச்சைக் குடைமிளகாயின் வாசனை தலைகாட்டும். உவமைக்காகச் சொன்னதன்று, இரண்டிலும் இருப்பது மெத்தாக்ஸிபைரசின் இனத்தைச் சேர்ந்த ஒரே ரசாயனப் பொருள்தான். ஒரு கிராமை 100 கோடிக் கூறுகளாக்கி, அவற்றில் இரண்டே கூறுகளை ஒரு லிட்டர் நீரில் கலந்தாலும் மனித நாசி அதைக் கண்டுகொள்கிறது! கனி பழுக்கப் பழுக்க இது குறையும். பிஞ்சுப் பருவத்திலேயே வெயில் பட்டால் அதிகம் சேராது என்பதால், குலைகளைச் சூழ்ந்த இலைகளைத் தோட்டக்காரர்கள் கிள்ளிவிடுகிறார்கள். ஆல்பக்கோடாவை நினைவூட்டும் கனிமணமும் நாவுக்கு உரியதன்று. வாய்க்குள் சூடேறிய ஆவி தொண்டையின் பின்வழியே நாசிக்கு ஏறுவதைத்தான் நாம் ருசி என்று கொள்கிறோம்.

நாவுக்கென எஞ்சுபவை புளிப்பும், சிறிது கசப்பும், மதுசாரம் தரும் மெல்லிய இனிப்புமே. அப்படியானால் துவர்ப்பு? கடுக்காயிலும் பாக்கிலும் நாம் அறிந்த அதே துவர்ப்பு, திராட்சையின் தோலிலும் விதையிலுமிருந்து வரும் டானின்களால் இம்மதுவிலும் உண்டாகிறது. உமிழ்நீரை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களோடு டானின்கள் பிணைந்து திரண்டுவிடுவதால், வாயின் உட்தோல் வழுக்கும் தன்மை இழந்து, ஒன்றோடொன்று உராய்கிறது. சுவையரும்புகள் இல்லாத மேலுதட்டின் உட்புறத்திலும் ஈறிலும்கூட இவ்வுணர்ச்சி தோன்றுவதால், உடற்கூற்று அறிஞர் பலர் இதைச் சுவையாகக் கொள்ளாமல் ஸ்பரிசமாகவே கருதுகின்றனர். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணிய நம் முன்னோர் பிழைசெய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நரம்பின் வழி எதுவாயினும், உண்பவனின் அனுபவத்தில் அதற்குத் தனி இடம் உண்டென்பதை அவர்கள் கண்டு பெயரிட்டார்கள்.

கபெர்னே சோவிஞோனைவிட மெர்லோவின் துவர்ப்பு பொதுவாக மென்மையானது. ஆயினும் ஒவ்வொரு வாய்க்கும் அது ஏறிக்கொண்டே போகும். ஆதலால் ருசி பார்ப்போர் இடையிடையே ரொட்டித் துண்டை மென்று, உமிழ்நீர் மறுபடி ஊறி வாயை நனைக்கும்வரை பொறுத்திருக்கிறார்கள்.