பௌத்த தியான முறைகள்: சமதமும் விபஸ்ஸனாவும்



தியானம் என்றால் கண்களை மூடி எதையும் நினையாதிருத்தல் என்று பலர் விடை எழுதுகின்றனர். இது பிழையாகும். பௌத்தத்தில் தியானப் பயிற்சியைக் குறிக்கும் பாளிச் சொல் 'பாவனா' என்பதாகும். 'நீர்ப் பாவனை', 'பாவனையாளர்' என நாம் கூறும்போது 'பயன்படுத்துதல்' என்றே பொருள் கொள்கிறோம். பாளியிலோ இதன் பொருள் 'வளர்த்தல்' என்பதாகும். எனவே பௌத்த தியானம் மனத்தை வெறுமையாக்குவதன்று, அதனை வளர்ப்பதாகும். தேரவாத மரபில் இது இரு வகைப்படும்.

1. சமத பாவனா (அமைதித் தியானம்)

மனத்தை ஒரே பொருளில் நிலைநிறுத்தி ஒருமுகப்பாட்டை, அதாவது சமாதியைப் பெறுதல் இதன் நோக்கமாகும். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்னும் நூல் 40 தியானப் பொருள்களைக் கூறுகிறது.

• கசிணம் (மண், நீர், தீ, நிறங்கள் முதலியன) – 10
• அசுபம் (பிணத்தின் பல நிலைகள்) – 10
• அநுஸ்ஸதி (புத்தரின் குணங்கள், மரணம், மூச்சு முதலியவற்றை நினைத்தல்) – 10
• பிரமவிகாரம் (மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா) – 4
• அருவ நிலைகள் – 4
• உணவின் அருவருப்பை நினைத்தல் – 1
• நான்கு பூதங்களைப் பகுத்தறிதல் – 1

இத்தனை பொருள்கள் எதற்காக? மனிதரின் இயல்பு ஒன்றல்ல. கோபம் மிகுந்தவருக்கு மெத்தா எனப்படும் அன்புத் தியானமும், ஆசை மிகுந்தவருக்கு அசுபத் தியானமும், மனம் அலைபாய்பவருக்கு மூச்சுத் தியானமும் பொருத்தமானவை என அந்நூல் கூறுகிறது.

2. விபஸ்ஸனா பாவனா (நுண்ணறிவுத் தியானம்)

உடலிலும் மனத்திலும் நிகழ்வனவற்றை உள்ளவாறே அவதானித்து, அநித்தம் (நிலையாமை), துக்கம், அநாத்மம் (ஆன்மா இன்மை) என்னும் மூன்று இயல்புகளை நேரில் அறிதல் இதன் நோக்கமாகும். சதிபட்டான சூத்திரம் அவதானிக்க வேண்டியவற்றை நான்காக வகுக்கிறது: காயம் (உடல்), வேதனா, சித்தம் (மனம்), தம்மம்.

கவனிக்க: இங்கு 'வேதனா' என்பது தமிழில் நாம் கூறும் வலியை மட்டும் குறிப்பதன்று. இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை ஆகிய மூவகை உணர்ச்சிகளையும் அது குறிக்கும்.

3. இரண்டும் ஏன் தேவை?

கலங்கிய நீருள்ள குடத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். ஆனால் குடத்தை அசைத்தால் மீண்டும் கலங்கும். சமதம் நீரைத் தெளிவிப்பது போன்றது. ஆசை, கோபம் முதலிய மாசுகள் அடங்குகின்றன, அழிவதில்லை. விபஸ்ஸனா அச்சேற்றையே அகற்றுவது போன்றது.

சித்தார்த்தரின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. அவர் ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் ஆகிய இரு ஆசிரியர்களிடம் உயர்ந்த சமாதி நிலைகளைக் கற்றார். அவை துக்கத்திலிருந்து முழு விடுதலை தராமையால் அவர்களை விட்டு நீங்கினார். எனினும் சமாதியை அவர் கைவிடவில்லை. போதி மரத்தடியில் சமாதியால் தெளிந்த மனத்தைக் கொண்டே நான்கு உண்மைகளை அறிந்தார்.

4. பொருள் ஒன்று, பயிற்சி இரண்டு

மூச்சைக் கவனிக்கும் தியானம் ஆனாபானசதி எனப்படும். மூச்சிலேயே மனத்தை நிறுத்தி அமைதி பெற்றால் அது சமதம். ஒவ்வொரு மூச்சும் தோன்றி மறைவதை அவதானித்து நிலையாமையை அறிந்தால் அது விபஸ்ஸனா. எனவே கவனிக்கும் பொருளையோ அமரும் முறையையோ மட்டும் கொண்டு வகையைத் தீர்மானித்தல் கூடாது. நோக்கத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

5. பிற மரபுகள்

'தியான' என்னும் வடசொல்லே சீனத்தில் 'சான்' எனவும் யப்பானில் 'ஸென்' எனவும் திரிந்தது. ஸென் மரபில் அமைதியாக அமர்ந்திருக்கும் 'ஸாஸென்' முதன்மையானது. திபெத்திய மரபில் புத்தர், போதிசத்துவர் உருவங்களை மனத்திற் காணும் தியானமும் உண்டு.

மாதிரி வினா

சமத பாவனாவிற்கும் விபஸ்ஸனா பாவனாவிற்கும் இடையிலான இரு வேறுபாடுகளைத் தருக.

விடைக் குறிப்பு: (1) சமதத்தின் நோக்கம் ஒருமுகப்பாடு, விபஸ்ஸனாவின் நோக்கம் மூன்று இயல்புகளை அறிதல். (2) சமதம் மனமாசுகளைத் தற்காலிகமாக அடக்கும். விபஸ்ஸனா அவற்றை வேரோடு நீக்கும்.