நூல் விலையும் மூன்று தாள்களும்

நூல் விலை அடுத்த பருவத்தில் ஏறுமா, இறங்குமா என்ற கேள்வி நெசவாளர் சங்க நிர்வாகக் குழுக்களில் அடிக்கடி எழுகிறது. பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களும் விதைப்புக்கு முன் இதையே கேட்கின்றனர். விஷயமறிந்த ஒருவர் “ஏறும்” என்பார். சங்கத்தின் நடைமுறை மூலதனம் முழுவதும் நூலில் முடங்கிவிடும். அவர் கணிப்புத் தவறினால், நஷ்டம் அங்கத்தினரின் கூலியில் வந்து முடியும்.

2011 மார்ச்சில் உலகச் சந்தையில் பருத்தி விலை ராத்தலுக்கு 2 டாலரைத் தாண்டிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் 1 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. இத்தகைய சந்தையில் ஒரே கணிப்பை நம்புவது அபாயமாகும்.

பெரிய ஸ்தாபனங்கள் இதற்கு ஒரு முறையைக் கையாளுகின்றன. ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பியேர் வாக் என்பவரும் அவருடைய சகாக்களும், 1970-களின் தொடக்கத்தில், வருங்காலத்தைப் பல விதமாக எழுதி நிர்வாகிகள் முன் வைத்தனர். எண்ணெய் விலை திடீரென உயரும் நிலைமையும் அவற்றுள் ஒன்று. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் யுத்தம் மூண்டது. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த விலை, 1974 ஜனவரியில் 11 டாலரைக் கடந்தது. யுத்தம் மூளும் நாளை அவர்கள் முன்னறிவிக்கவில்லை. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே ஆலோசித்திருந்தனர்.

நமது சங்கங்களுக்கு இதற்கு மூன்று தாள்கள் போதும். முதல் தாளில், நூல் விலை ஏறி, சேலை விலை ஏறாத நிலைமையை எழுதுக. இரண்டாவதில், நூல் விலை சரிந்து, அதிக விலைக்கு வாங்கிய நூல் கிடங்கில் நிற்கும் நிலைமை. மூன்றாவதில், விலை மாறாமல் விற்பனை மந்தமாகும் நிலைமை. ஒவ்வொன்றின் கீழும் மூன்று வினாக்களுக்கு விடை காண்க: கையிலுள்ள ரொக்கம் எத்தனை வாரக் கூலிக்குப் போதும்? பாங்கிக் கடன் தவணையைச் செலுத்த இயலுமா? எந்த ரகத்தைக் குறைப்பது?

மூன்று தாள்களிலும் நன்மை தரும் காரியங்களை உடனே செய்யலாம். நூலை ஒரே தடவையில் வாங்காமல் பகுதி பகுதியாக வாங்குவதும், கூலிக்குரிய தொகையைத் தொடாமல் வைப்பதும் இவ்வகையின. ஒரு நிலைமைக்கு மட்டும் பொருந்துவனவற்றைப் பொறுத்திருந்து செய்க. பருத்தி விதைப்புப் பரப்பு, மழை, ஏற்றுமதி உத்தரவு, கிடங்கில் தேங்கும் சேலை ஆகியவை எந்தத் தாளை நோக்கிப் போகிறோம் என்பதைக் காட்டும்.

விவசாய அங்கத்தினரும், நிலம் முழுவதிலும் பருத்தியே விதைக்குமுன், பயிர்க்கடனை முன்வைத்து இவ்வாறே கணக்கிடலாம்.

அடுத்த நூல் கொள்முதல் தீர்மானம் குழுவின் முன் வரும்போது, மூன்று தாள்களும் மேஜைமேல் இருக்கின்றனவா என்று அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். மூலதனம் அவர்களுடையதே.